அஞ்சு டாலர் குடுத்து கத்துக்கிட்ட வார்த்தை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அத மொதல்லயே ஒத்துக்கிடுறேன். யாராச்சும் கார ரிவர்ஸ் எடுத்தா போற வேலைய விட்டுட்டு நின்னு "வா வா வா, லெஃப்ட்ல ஒடி"ன்னு கை காட்டுவேன். ஓட்டல்ல பக்கத்து டேபிள்காரர் மெனு கார்ட பாத்து முழிச்சிட்டு இருந்தா "சார் இங்க பரோட்டா வேணாம், தோசை சொல்லுங்க"ன்னு குரல் குடுப்பேன். சின்ன வயசுல எங்கப்பாவும் அவரோட கூட்டாளிங்களும் திண்ணைல ரம்மி ஆடிட்டு இருந்தப்ப ஒரு மாமா முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு "மாமா, ஜோக்கர கைல வெச்சுக்கிட்டு ஏன் சேக்காம இருக்கீங்க"ன்னு சத்தமா கேட்டுட்டேன். அவர் கைல ஜோக்கர் இருக்குறது மொத்த திண்ணைக்கும் தெரிஞ்சு போச்சு. அப்பா ஒண்ணும் பேசல, முதுகுல ஒண்ணு வெச்சார், அவ்ளோதான். அப்ப எனக்கு ஒம்போது வயசு இருக்கும். அந்த அடிலயே திருந்தியிருக்கணும், திருந்தல.

இந்த வியாதிக்கு ஒரு பேரு இருக்குன்னு முப்பத்தி நாலு வயசுல, நியூயார்க்ல, அஞ்சு டாலர் தண்டம் கட்டித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கிபிட்ஸ். செய்றவன் கிபிட்ஸர்.

வேலைக்காக ஜெர்சி சிட்டி வந்த புதுசு. வீடு ஜர்னல் ஸ்கொயர் பக்கம், வைஃபும் பையனும் ஊர்லேருந்து இன்னும் வரல, ஞாயித்துக்கெழமைன்னா ரூம்ல உக்காந்து செவுத்த பாக்கணும். அதுக்கு பயந்து, ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூயார்க்குக்குப் போற பாத் ட்ரெய்ன் புடிச்சு நைன்த் ஸ்ட்ரீட்ல எறங்கி நடந்தா வாஷிங்டன் ஸ்கொயர் பார்க். அந்த பெரிய ஆர்ச், நடுவுல ஃபவுண்டன், அதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு. நான் போறது தென்மேற்கு மூலைக்கு. அங்க கல்லு டேபிள்கள்ல செஸ் போர்டு பதிச்சு வெச்சிருக்கும், தெனமும் வர்ற ஆளுங்க பிளாஸ்டிக் காயும் கிளாக்கும் கொண்டு வந்து வெச்சுட்டு எதிர் சீட்ட காலியா விட்டு போறவங்க வர்றவங்கள "என்ன சார் ஒரு கேம் போடலாமா"ன்னு கூப்புடுவாங்க. ஆளுக்கு அஞ்சு நிமிஷம், தோத்தா காசு. கையும் ஓடும், வாயும் ஓடும், எதிராளிய கலாய்க்கிறதே பாதி ஆட்டம். செஸ் உலக சாம்பியன் ஆன பாபி ஃபிஷர் சின்னப் பையனா இருந்தப்ப வந்து ஆடின எடம், ஸ்டான்லி குப்ரிக் சினிமா எடுக்க ஆரம்பிச்ச காலத்துல காசுக்கு ஆடின எடம். ஒவ்வொரு டேபிள சுத்தியும் நாலு பேராவது நிப்பாங்க, அந்த நாலுல ஒருத்தன் நான்.

அக்டோபர் மாசம்னு ஞாபகம். ஒரு காலேஜ் பையன், பக்கத்துல இருக்குற யூனிவர்சிட்டி ஜெர்சி போட்டிருந்தான், ஒரு பழைய ஆட்டக்காரர்கிட்ட உக்காந்துட்டான். பையனுக்கு வெள்ளைக் காய், நல்லாவே ஆடிட்டிருந்தான். அவனோட ராஜா மூலைல கோட்டைக்குள்ள இருக்கு, முன்னாடி மூணு சிப்பாயும் அசையாம நிக்குது, கடைசி வரிசைக்குக் காவலா ஒரே ஒரு யானை. அந்த யானைக்கு நேர் கோட்டுல, நடு போர்டுல, எதிராளியோட பிஷப் ஒண்ணு துணையே இல்லாம தனியா நிக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் பரபரன்னு ஆயிருச்சு. பையன் அத பாக்கவே இல்ல, ஏதோ சிப்பாய தள்ளப் போறான். கிளாக்ல அவனுக்கு நாப்பது செகண்ட் இருக்கு. "பிஷப் சும்மா நிக்குது பாரு, எடு!"

வாயிலேருந்து வந்துருச்சு. பையனும் எடுத்துட்டான். எதிர்ல இருந்தவர் என்ன பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, தன்னோட யானைய தொறந்து கெடந்த பக்கத்து வரிசைல மெதுவா இழுத்துட்டு வந்து வெள்ளையோட கடைசி வரிசைல வெச்சாரு. மேட், ராஜா தப்பிக்க வழியே இல்ல, ஆட்டம் முடிஞ்சுது. ராஜாவுக்கு முன்னாடி அவனோட மூணு சிப்பாயே செவுரு மாதிரி நிக்குது, காவலுக்கு இருந்த யானைய நான் கெளப்பி விட்டுட்டேன். செஸ் கத்துக்குற மொத வாரத்துல சொல்லிக் குடுக்குற விஷயம், நான் ரெண்டு வருஷமா ஆன்லைன்ல ஆடிட்டு இருக்கேன், எனக்குத் தெரியல. தெரியலன்னு கூட சொல்ல முடியாது, பிஷப்ப பாத்த சந்தோஷத்துல மத்தது எதையும் பாக்கல.

பையன் அஞ்சு டாலர எடுத்துக் குடுத்தான், குடுத்துட்டு என்ன பாத்தான். திட்டியிருந்தா பரவால்ல, சும்மா பாத்தான். ஜெயிச்சவர் சுத்தி நின்னவங்களுக்குக் கேக்குற மாதிரி "உங்க கோச்சுக்கு ரொம்ப தேங்க்ஸ்"ன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. நான் பர்ஸ எடுத்து பையன் கைல அஞ்சு டாலர் வெச்சேன், வேணாம்னான், அழுத்தி வெச்சுட்டு நகர்ந்துட்டேன்.

அங்க பெஞ்சுல ஒரு தாத்தா உக்காந்திருப்பாரு, ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார், யூதர், அவரோட அப்பா அம்மா போலந்துலேருந்து வந்தவங்களாம். எழுவது தாண்டியிருக்கும். பேப்பர் கப்புல காபிய வெச்சுக்கிட்டு ஆடவும் மாட்டாரு, போகவும் மாட்டாரு. என்ன பாத்து பக்கத்துல வந்து உக்காருன்னு கைய காட்டுனாரு. "உன்ன என்னன்னு சொல்லுவாங்க தெரியுமா? கிபிட்ஸர். அதுலயும் மட்டமான கிபிட்ஸர், நல்ல கிபிட்ஸரா இருந்தா அவன் ஜெயிச்சிருப்பானே." அப்படித்தான் எங்க பழக்கம் ஆரம்பிச்சுது.

அது யித்திஷ் வார்த்தைன்னு சொன்னாரு. கிழக்கு ஐரோப்பா யூதங்க வீட்டுல பேசின பாஷை, அடித்தளம் ஜெர்மன், எழுதுறது ஹீப்ரு எழுத்துல. 1880-கள்லேருந்து லட்சக்கணக்கான பேர் கப்பல்ல வந்து அந்த பார்க்லேருந்து நடந்தே போற தூரத்துல இருக்குற லோயர் ஈஸ்ட் சைடுல குடியேறினாங்க, அவங்களோட சேந்து வார்த்தைகளும் வந்து எறங்குச்சு. இன்னைக்கு நியூயார்க்ல யூதரே இல்லாத ஆள் கூட ஹுட்ஸ்பா, ஷ்மூஸ், க்ளட்ஸ்னு சர்வ சாதாரணமா சொல்றான், அதுல ஒண்ணுதான் கிபிட்ஸ். 1920-கள்ல இங்க்லீஷ்ல அச்சுக்கே வந்துருச்சு. சீட்டாட்டத்துலயோ செஸ்லயோ வேடிக்கை பாக்க வந்தவன் கேக்காமலே யோசனை சொன்னா அது கிபிட்ஸ். சும்மா உக்காந்து ஒருத்தர ஒருத்தர் வம்பிழுத்து அரட்ட அடிச்சாலும் கிபிட்ஸ்தான். இந்த ரெண்டாவது அர்த்தம் எனக்கு ரொம்ப புடிச்சிருந்துது, ஏன்னா நம்மூர் டீக்கடை பெஞ்சுக்கு அப்படியே பொருந்துது.

ஆனா என்ன உண்மையில அசர வெச்சது அவர் அடுத்து சொன்னதுதான். யித்திஷ்ல அது ஜெர்மன்லேருந்து வந்துச்சாம், ஜெர்மன்ல கீபிட்ஸ்னா ஒரு பறவை, சீட்டாட்டத்த எட்டிப் பாத்து மூக்க நுழைக்கிறவனுக்கும் அதே பேரு. திருடங்க ரகசிய பாஷைல சோதிச்சுப் பாக்குறதுக்கு இருந்த வார்த்தைலேருந்து வந்துச்சுன்னு இன்னொரு கட்சியும் இருக்காம். நான் அங்கயே போன எடுத்து அந்தப் பறவையோட போட்டோவ தேடுனேன். ஆக்காட்டி! நம்ம ஆக்காட்டிக் குருவியோட பங்காளி. தலைல கொண்டை வெச்சிருக்கு, நம்மூருதுக்கு கண்ணுகிட்ட செவப்பா தொங்கும், மத்தபடி ஒரே குடும்பம். ஏரிக்கரைல, தரிசுல வெறும் தரைல கல்லோட கல்லா முட்டை போட்டுட்டு, எவனாச்சும் நாலு அடி தள்ளி வந்தாலே "வந்துட்டான் வந்துட்டான்"னு தலைக்கு மேல சுத்தி சுத்தி கத்தி ஊரக் கூட்டும். ஆள காட்டிக் குடுக்குறதால ஆள்காட்டி. வேட்டைக்குப் போறவங்க அத திட்டாத நாள் கெடையாது, பதுங்கி பதுங்கி போவாங்க, இது ஒரு கத்து கத்தும், எல்லாம் ஓடிரும். ஜெர்மன்காரன் மூக்க நுழைக்கிற ஆளுக்கு அந்தப் பறவையோட பேர வெச்சிருக்கான், நம்ம ஆளுங்க அந்தப் பறவைக்கே ஆள்காட்டின்னு பேரு வெச்சிருக்காங்க. எங்க ஜெர்மனி, எங்க எங்கூரு ஏரிக்கரை. தாத்தாகிட்ட இத வெளக்கி சொன்னதும் காபி சிந்துற அளவுக்கு சிரிச்சாரு, அதுக்கப்புறம் என்ன அவர் கூப்புடுறதே "ஆக்காட்டி"ன்னுதான், அவர் வாயில அது "அக்காடி"ன்னு வரும்.

தாத்தாவுக்கு செஸ்ஸ விட சீட்டுல பிரிட்ஜ் ஆட்டத்துல பித்து. பிரிட்ஜ்ல வேடிக்கை பாக்குறவனுக்குன்னே சட்டம் போட்டு வெச்சிருக்காங்க, 76-வது விதி. பாக்குறவன் பேசக் கூடாதுங்கறது சரி, ஆட்டம் நடக்கும்போது மூஞ்சில கூட ஒண்ணும் காட்டக் கூடாதாம். புருவம் தூக்குறது, பெருமூச்சு விடுறது, எல்லாம் தப்பு. யாராச்சும் விதிய மீறி தப்பா ஆடுனா கூட பாக்குறவன் சுட்டிக் காட்டக் கூடாது, போட்டிய நடத்துற டைரக்டர் கேட்டாதான் வாய தொறக்கலாம். எனக்கு இது கொஞ்சம் ஓவரா பட்டுச்சு. அநியாயம் நடக்குது, கண்ணு முன்னாடி நடக்குது, சும்மா நிக்கணுமா?

அதுக்கு பதில் ஆறு மாசம் கழிச்சு கெடச்சுது. நியூ ஜெர்சில ஒரு ஓட்டல்ல வீக்கெண்ட் செஸ் டோர்னமெண்ட், என் டீம்ல வேலை பாக்குற மதுரைத் தம்பி ஒருத்தன் ஆடப் போனான், நான் கார் ஓட்ட. கடைசி ரவுண்டு, ரெண்டு பேருக்கும் டைம் கம்மி, எதிராளியோட கிளாக் பூஜ்யத்துக்கு வந்து நின்னுருச்சு, தம்பி போர்டயே பாத்துட்டு இருக்கான், கிளாக்க பாக்கவே இல்ல. பத்து செகண்ட் பொறுத்தேன். இருவது செகண்ட். தமிழ்ல சொன்னா இங்க எவனுக்குத் தெரியப் போகுதுன்னு "டேய், அவன் டைம் முடிஞ்சிருச்சுடா"ன்னுட்டேன். டைம்! அந்த ஒரு வார்த்தை தமிழே இல்லைங்கறது சொல்லி முடிச்சப்புறம்தான் ஒறச்சுது. எதிராளி கைய தூக்கிட்டாரு, டைரக்டர் வந்தாரு, பெரிய பஞ்சாயத்து. அமெரிக்க செஸ் விதிப்படி டைம் முடிஞ்சத ஆடுற ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் சொல்லணும், டைரக்டரே பாத்தாலும் அவரா சொல்லக் கூடாது. உலக செஸ் அமைப்பான ஃபிடேயோட விதில ஆர்பிட்டர், அதான் நடுவர், பாத்தா போதும், அவரே முடிச்சு வெச்சிருவாரு, ஆனா அங்கயும் வேடிக்கை பாக்குறவன் நுழையக் கூடாது, மீறினா வெளிய அனுப்பலாம்னு எழுதியே வெச்சிருக்காங்க. என்ன வெளிய அனுப்பினாங்க. கடைசில டிராவுக்கு ஒத்துக்கிட்டு எந்திரிச்சு வந்தான். கார்ல வரும்போது தம்பி சொன்னான், "அண்ணா, இன்னும் அஞ்சு செகண்ட்ல நானே பாத்திருப்பேன்." பாத்திருப்பானா மாட்டானான்னு இனிமே யாருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சனை. ஜெயிச்சிருந்தாலும் அது அவன் ஜெயிச்சதா நான் ஜெயிச்சதான்னு ஆயிருக்கும்.

ஏன் நமக்கு இப்படி வாய் அரிக்குதுன்னு நெறைய யோசிச்சிருக்கேன். நின்னுக்கிட்டு பாக்குறவனுக்கு கிளாக் ஓடல, காசு போகாது, தோத்தா அவமானம் கெடையாது, அதனால மூளை ஃப்ரீயா இருக்கு, ஒரு நல்ல மூவ் டக்குனு தெரியும். ஒரே ஒரு மூவ். அதுக்கு முன்னாடி இருவது மூவா ஆடுறவன் மனசுல என்ன பிளான் ஓடுது, அடுத்து எதிராளி என்ன செய்வான், இதெல்லாம் நம்ம கணக்குல இல்ல. இப்ப கம்ப்யூட்டர் வேற சேந்துருச்சு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல உலக சாம்பியன்ஷிப், குகேஷும் டிங் லிரெனும் 14-வது கேம், ரெண்டு பேரும் ஆறரை ஆறரை. இங்க காலைல ஆபீஸ் கெளம்புற நேரம், ஒரு கைல பிரஷ், ஒரு கைல போன். 55-வது மூவ் டிங் யானைய நகத்துனாரு, ஸ்க்ரீன் ஓரத்துல யாரு கை ஓங்கியிருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுற பார் தடால்னு கருப்பு பக்கம், அதாவது குகேஷ் பக்கம், விழுந்துச்சு. நான் வாயில நொரையோட "தம்பி புடி, முடிஞ்சுது"ன்னு பாத்ரூம்ல கத்துறேன். குகேஷுக்கு பாரும் இல்ல ஒண்ணும் இல்ல, 18 வயசுப் பையன், தனியா கண்டுபுடிக்கணும், ஒரு நிமிஷம் பாத்து, தண்ணி குடிச்சு, மறுபடி பாத்து, அப்புறம்தான் ஆடுனான். அன்னைக்கு சாயங்காலம் பாரு இல்லாம அந்த பொசிஷன வெச்சு பாத்தேன். டிங் செஞ்ச மாதிரி யானைக்கு யானை வெட்டுக் குடுக்குறது எனக்கு ரொம்ப நியாயமான மூவா தெரிஞ்சுது. நானும் அதையேதான் ஆடியிருப்பேன். காலைல கத்துனது யாரோட அறிவு?

வைஃப் வந்தப்புறம் இந்த ஆட்டம் காருக்குள்ள ஆரம்பிச்சுது. அவங்க லைசென்ஸ் எடுக்க பழகுறாங்க, நான் பக்கத்து சீட்ல. நியூ ஜெர்சில ஜக்ஹேண்டில்னு ஒரு வில்லங்கம் இருக்கு, லெஃப்ட்ல திரும்பணும்னா ரைட்ல வெளிய போயி சுத்தி வந்து திரும்பணும். அந்த எடத்துல நான் "ரைட்டு, இல்ல லெஃப்ட்டுக்குதான் ரைட்டு, பிரேக்க புடி, ஏன் புடிச்ச"ன்னு ஓரே கச்சேரி. அவங்க ஒரு கேஸ் ஸ்டேஷன்ல வண்டிய ஓரங்கட்டி, கைய ஸ்டியரிங்லேருந்து எடுக்காம, நேரா பாத்துக்கிட்டே சொன்னாங்க: "ஒண்ணு நீங்க ஓட்டுங்க, இல்ல நான் ஓட்டுறேன். ரெண்டு பேரும் சேந்து ஓட்டுறதுக்கு இதுல ஒரு ஸ்டியரிங்தான் இருக்கு." 

அன்னைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம், இது உண்மையிலயே வேலை செஞ்சுது, அதனால சொல்றேன். கண்ணுல படுறத சொல்லலாம், என்ன செய்யணும்னு சொல்லக் கூடாது. "வலது பக்கம் சைக்கிள் வருது", சரி. "பிரேக் போடு", தப்பு. "சிக்னல் மஞ்சளாயிருச்சு", சரி. "ஏன் இவ்ளோ ஸ்பீடு", ரொம்ப தப்பு. ஆபத்துன்னா மட்டும் ஒரே வார்த்தை, "ஸ்டாப்", அத வேற எதுக்கும் செலவு பண்ணக் கூடாது. மொத ரெண்டு நாள் நான் சீட்டுக்கு அடில காலால இல்லாத பிரேக்க அமுக்கிட்டே இருந்தேன், அதையும் கண்டுபுடிச்சு திட்டுனாங்க. மூணாவது டெஸ்ட்லயெல்லாம் இல்ல, மொத டெஸ்ட்லயே பாஸ். என் தலையீடு கொறஞ்சதாலன்னு அவங்க சொல்றாங்க, எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு.

ஆபீஸ்லயும் இத கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்தேன். யாராச்சும் ஸ்க்ரீன் ஷேர் பண்ணி கோடு அடிச்சுட்டு இருக்கும்போது "செமிகோலன், செமிகோலன்"னு கத்துறத நிறுத்திட்டேன், அவன் ரன் பண்ணா அவனுக்கே தெரியப் போகுது. இங்க பழைய செஸ் சர்வர்கள்லேருந்து ஒண்ண திருடினேன். 1990-கள்ல வந்த இன்டர்நெட் செஸ் சர்வர்ல ரெண்டு கமாண்ட் இருக்கும். கிபிட்ஸ்னு அடிச்சா ஆடுறவங்க, பாக்குறவங்க எல்லாருக்கும் தெரியும், விஸ்பர்னு அடிச்சா பாக்குறவங்களுக்கு மட்டும்தான் போகும், ஆடுறவங்களுக்குப் போகாது. எவனோ என்ன மாதிரி ஆள நல்லா புரிஞ்சுக்கிட்டு செஞ்சிருக்கான். வாய அடக்குன்னு சொன்னா அடங்காது, அதுக்கு ஒரு வடிகால் வேணும். இப்ப எனக்கு ஏதாச்சும் தோணுச்சுன்னா ஒரு நோட்ல எழுதி வெச்சுக்குவேன், அவங்க முடிச்சப்புறம் "ரெண்டு விஷயம் இருக்கு, பாக்கலாமா"ன்னு கேப்பேன். பாதி தடவ நான் எழுதினதுல பாதிய அவங்களே அதுக்குள்ள சரி பண்ணியிருப்பாங்க, மீதில பாதி நான் தப்பா புரிஞ்சுக்கிட்டது. தேறுறது ஒண்ணோ ரெண்டோ. செஸ்லயும் ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் காய திரும்ப வெச்சு போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க பாருங்க, அங்க நாம நொழஞ்சா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, சில பேர் சேர இழுத்து போட்டு உக்கார வெப்பாங்க.

நாம ஆடும்போது பின்னாடி ஒருத்தன் நின்னு உயிர எடுத்தா என்ன பண்றதுன்னும் தாத்தா சொல்லிக் குடுத்தாரு. திட்டக் கூடாது, திட்டுனா அவன் எதிராளிக்கு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருவான். திரும்பி பாத்து பொறுமையா "சரி, அதுக்கப்புறம்?"னு கேக்கணும். அவன்கிட்ட இருக்குறது ஒரு மூவ்தான், ரெண்டாவது மூவ் கேட்டா முழிப்பான், மூணாவது கேட்டா காபி வாங்கப் போயிருவான். மாமியார்கிட்ட இத ட்ரை பண்ண வேணாம், அவங்ககிட்ட பன்னெண்டு மூவ் வரைக்கும் இருக்கும்.

போன மாசம் பார்க்ல நானே ஆடுனேன், பனி விட்டு நாலு நாளா வெயில், டேபிள் எல்லாம் ஃபுல். எதிர்ல வாய் நெறைய பேசுற ஒரு ஆளு, அஞ்சு டாலர் கேம், எனக்கு ஒரு நிமிஷம் சொச்சம் இருக்கு. என் குதிரைய தூக்கி அவரோட சிப்பாய வெட்டலாம்னு கைய நீட்டுனேன், காய இன்னும் தொடல, வெரல் குதிரை காதுக்கு ஒரு இஞ்ச் மேல இருக்கு. பின்னாடிலேருந்து ஒரு சத்தம். "ச்சு."

வார்த்தையே இல்ல, நாக்கு மேலண்ணத்துல ஒட்டி எடுக்குற சத்தம் மட்டும். பிரிட்ஜோட அந்த 76-வது விதிப்படி பாத்தா அதுவும் குத்தம். கை அப்படியே நின்னுருச்சு. திரும்பி பாக்கல, யாருன்னு தெரியும், காபி வாசனை வருது. போர்ட மறுபடி பாத்தேன், குதிரை நகந்தா அதுக்குப் பின்னாடி என் ராணி வெட்டவெளில நிக்குது. எதிர்ல இருந்தவரு என் தோளுக்கு மேல எட்டி மொறச்சுக்கிட்டே "ஓல்ட் மேன்!"னு கத்துறாரு, கிளாக் ஓடுது, நான் ஒண்ணுமே கேக்காத மாதிரி மூக்க சொறிஞ்சுட்டு, ராணிய ஒரு கட்டம் தள்ளி வெச்சேன்.